தளி ரோட்டில் விழுந்த அடி

என் மனைவி ஒரு போலீஸ்காரரின் முகத்தில் ஹெல்மெட்டால் அடித்தாள். ஊரில் இதைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். வண்டியை ஓட்டியவன் நான். நடந்தது இதுதான்.

எங்களுக்குத் தளிக்கு அருகே கொஞ்சம் நிலம். சாமந்தி போடுகிறோம். மொபெட்டின் முன்னால் பூ மூட்டை, பின்னால் மனைவி, அப்படியே ஓசூர் மார்க்கெட். அந்த வருடம் எதற்கெடுத்தாலும் பாதுகாப்பு என்று ஒரு பலகை முளைத்தது. ஏரியில் யாரும் இறங்கக் கூடாதென்று கம்பிவேலி போட்டார்கள். மாடுகள் தண்ணீருக்கு ஊரைச் சுற்றிப் போயின. மாரியம்மன் பண்டிகைக்குக் கூழ் காய்ச்சத் தீயணைப்பு நிலையத்தில் அனுமதி வாங்கச் சொன்னார்கள். கேட்டோம், பண்டிகை முடிந்த பிறகு கிடைத்தது. கடைசியில், வண்டியில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் என்று தீவிரமாகப் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

மனைவிக்குக் கழுத்தெலும்பு தேய்மானம். தலையில் எதையும் சுமக்காதே என்று டாக்டர் சொல்லி, புல்லுக்கட்டு தூக்குவதையே விட்டிருந்தாள். ஹெல்மெட் போட்டால் பாதி வழியில் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதனால் மடியில் வைத்திருப்பாள். போலீஸ் தெரிந்தால் மாட்டிக்கொள்வாள்.

அன்று காலை ஒரு வளைவில், புளியமரத்துக்குப் பின்னாலிருந்து இளம் போலீஸ்காரர் ஒருவர் ரோட்டுக்குள் பாய்ந்து லத்தியைக் குறுக்கே நீட்டினார். நான் பிரேக்கை அழுத்தி வளைத்தேன். லத்தி என்மேல் படாமல் மனைவியின் தோளில் இடித்தது. அவள் தார்ரோட்டில் விழுந்தாள். வண்டி என் காலின்மேல் சாய்ந்தது. மூட்டை கிழிந்து சாமந்தி ரோடெல்லாம் சிதறியது.

ஓடிவந்த அவர் கேட்ட முதல் கேள்வி, ஏன் ஹெல்மெட் போடவில்லை என்பது.

அவள் எழுந்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே கோணலாகத் தொங்கியது. வலது கையில் ஹெல்மெட்டின் வார்.

"கீழ தள்ளிட்டு ஹெல்மெட் கேக்கறியா?" என்றாள்.

வீசி அடித்தாள். மூக்கு உடைந்து ரத்தம் அவர் சட்டைப் பட்டன்களில் வழிந்தது. இரண்டாவது அடி காதில். அவள் தாய்வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள். அந்தப் பாஷையில் திட்டிக்கொண்டே அடித்தாள். தெற்கத்தி மாவட்டத்துக்காரரான அவருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. முட்டிபோட்டு விழுந்தார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்களும் காய்கறி வண்டிக்காரர்களும் ஓடிவந்தார்கள். எங்களை அவர்களுக்குத் தெரியாது. ஆளாளுக்கு எங்கோ அபராதம் கட்டியவர்கள். ஷூ போட்ட கால்களால் போலீஸ்காரரின் விலாவில் மிதித்தார்கள். ஒருவன் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான். மனைவி போதும் என்று கத்தினாள். யார் காதிலும் விழவில்லை. நான் வண்டிக்கடியிலிருந்து காலை உருவிக்கொண்டு போய் அந்தச் செங்கல்காரனின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அவன் என் வாயில் முழங்கையால் இடித்தான். ஒரு பல் போயிற்று.

ஜீப்பும் வேனும் வந்தன. அடித்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஓடாமல் நின்றவர்கள் அடி வாங்கினார்கள். கொத்துமல்லிக் கட்டு விற்கும் அம்மாவின் முதுகில் லத்தி பட்ட சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல் கேட்டது. எனக்குத் தலையில் விழுந்தது. நான் போட்டிருந்த ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது.

அரசு ஆஸ்பத்திரியில், ஹெல்மெட் இல்லாவிட்டால் மண்டை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை. கையில் மாவுக்கட்டோடு இருந்த மனைவி சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையானது.

அந்தப் போலீஸ்காரரையும் அங்கேதான் சேர்த்திருந்தார்கள். மூக்கில் பஞ்சு, மார்பைச் சுற்றிக் கட்டு. மறுநாள் மெல்ல நடந்து எங்கள் வார்டுக்கு வந்து நின்றார்.

"அக்கா, வண்டிய நிறுத்தத்தான் கம்ப நீட்டினேன். உங்கள தள்ளணும்னு இல்ல" என்றார்.

"தெரியும் தம்பி," என்றாள் இவள். "நான் அடிக்கணும்னுதான் அடிச்சேன்."

அவர் மார்புக் கட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

பணியில் இருந்தவரைத் தாக்கியதாக அவள்மேல் வழக்கு. செங்கல்காரனை யாரும் பிடிக்கவில்லை. அவளுடைய இடது கை முழுதாக மேலே போவதில்லை; பூப் பறிக்க இப்போது கூலிக்கு ஆள் வைக்கிறோம். வாய்தாவுக்குப் போகும்போது நீதிமன்ற வராந்தாவில் அந்தப் போலீஸ்காரரும் நின்றிருப்பார். சொந்த மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனவர், இரவெல்லாம் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரியும். எங்களைப் பார்த்ததும் லேசாகத் தலையசைப்பார். நான் பதிலுக்கு அசைப்பேன். மனைவி அசைக்கமாட்டாள். பெஞ்சில் இடம் இருந்தால் மட்டும், அவரும் உட்காரக் கொஞ்சம் நகர்ந்துகொள்வாள்.