பதினான்கு அடி

தையல்காரம்மாவுக்கு நகராட்சி நோட்டீஸ் வந்த நாளில் மெஷின் ஓடவில்லை. மாடி அறைக்கு அனுமதி இல்லை. கட்டட விதி வருவதற்கு முன்பே கட்டியது என்றால் முப்பது நாளில் ஆதாரம் காட்ட வேண்டும், தவறினால் இடிக்கப்படும் என்றிருந்தது. அவளுடைய மூன்று மெஷின்களும் பிழைப்பும் அந்த மாடியில்தான்.

கையில் இருந்தது அப்பாவின் நோட்டு ஒன்றே. கிடங்கில் எழுத்தராக இருந்த அவருக்கு வீட்டில் அழுக்குக் காகிதம் இருந்தால் தூக்கம் வராது. பத்திரம், அனுமதி எதுவானாலும் நகல் எழுதி, முத்திரையைக்கூட வரைந்து வைத்துக்கொண்டு, செல்லரித்த அசலைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவார்.

"அசலை எடைக்குப் போட்டுட்டு நகலைப் பெட்டியில வச்சுப் பூட்டின ஒரே மனுஷன் நம்ம அப்பாதான்க்கா" என்றான் தம்பி.

அலுவலகத்தில் பொறியாளர் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா. ஆனா இதை நேத்துகூட எழுதியிருக்கலாமே." நகலில் கோப்பு எண் இருந்ததால், அதைக் குறித்துக்கொடுத்து ஆவண அறைக்கு அனுப்பினார்.

ஒன்பது நாள் நடையாய் நடந்தாள். பத்தாம் நாள் ஆவணக் காப்பாளர் ஒரு பதிவேட்டைத் தூசி தட்டி விரித்தார். எண் பொருந்தியது. தேதி விதிக்கு நான்கு ஆண்டு முந்தையது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போது காப்பாளரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க அகலம் பத்தடிதாம்மா. உங்க நோட்டுல பதினாலுன்னு இருக்கே?"

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எதையும் சரிபார்க்காமல் அப்பா நகல் எழுதமாட்டார். அன்று அவர் அறையை அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தது சிறுமியாக இருந்த அவள்தான். கொத்தனார் நான்கடி கூட்டிக் கட்டியிருந்தார். அறை பதினான்கு இருக்கும்போது காகிதம் பத்து என்றால், அப்பாவின் கணக்கில் தப்பு காகிதத்தினுடையது. திருத்தி எழுதிவிட்டார்.

பத்தடிக்கு இனி பயமில்லை, மீதி நான்கடியை எடுத்துவிட வேண்டும் என்றார் பொறியாளர். ஜன்னலும் வெளிச்சமும் அந்த நான்கடியில்தான்.

மாலையில் தம்பி டேப்பின் முனையைச் சுவரோடு பிடித்துக்கொண்டான். இடிக்க வேண்டிய எல்லையைக் குறிக்க அவள் தையல் சுண்ணக்கட்டியோடு குனிந்தாள். நடு மெஷினின் கால் குறுக்கே வந்தது.

"அரையடி தள்ளிப் போடுக்கா. யாரு அளக்கப் போறா?"

அவள் மெஷினை நகர்த்தி, டேப்பை மறுபடி இழுத்து, பத்து வந்த இடத்திலேயே கோடு போட்டாள்.