மல்லாட்டையை மாற்றியவள்

திண்டிவனத்து ஆபீஸில் அந்தக் கம்ப்யூட்டர் பெண்ணை ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். எந்தச் சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தட்டுவாள்.

எங்கள் மகளிர் குழு அரசு விடுதிகளுக்கு மல்லாட்டை கொடுத்துவந்தது. பழைய ஆட்கள் என்று கம்ப்யூட்டரில் தெரிந்தால்தான் இந்த வருஷமும் கொடுக்க முடியுமாம்.

“நெலக்கடலைன்னு தேடினா உங்க குழுவே வர்லியேம்மா.”

“மூட்டை மூட்டையா குடுத்துக்கினு இருக்கிறோம், எப்படி வராம போவும்?”

பழைய பில்லைப் பார்த்துச் சிரித்தாள். என் கையெழுத்து அது.

“மல்லாட்டைன்னு எழுதிக்கினு இருந்தீங்களா? வேற ஊர்ல வேர்க்கடலைன்றாங்க. கம்ப்யூட்டருக்கு மூணும் வேற வேற சாமான்மா. கடலைக்கு எவ்ளோ செலவாச்சின்னு கவர்மெண்டுக்கே தெரியாம பூடுது.”

“மல்லாட்டைய வேற எப்படிம்மா எழுதறது?”

அவள் “நிலக்கடலை” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் தட்டினாள். எல்லா வருஷத்து மல்லாட்டையும் நிலக்கடலையாகிவிட்டது. எங்கள் குழுவின் பெயரும் மேலே வந்துவிட்டது.

சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. முதியோர் பள்ளியில் அந்தச் சொல்லைக் கோணாமல் எழுத எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவள் ஒரு நொடியில் அழித்துவிட்டாள். குழுவில் எழுதத் தெரிந்தவள் நான்தான். அப்படியிருந்தும் பஸ்ஸில் திரும்பும்போது கூட வந்த குழுப் பெண்கள் எல்லாரும் அவள் கெட்டிக்காரத்தனத்தையே பேசிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன வாரம் புது பில் எழுத உட்கார்ந்தேன். “நிலக்கடலை, நிலக்கடலை” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பேனாவைத் தேடினேன்.

“கொண்டையில சொருவிக்கினு எங்க தேடறீங்க?” என்று குழுப் பெண்கள் சிரித்தார்கள்.