வெண்கலத்தொண்டை வக்கீல் சமரசம் பேசப் போனது

நீதிமன்ற வளாகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் தேடியதில்லை. வெண்கலத்தொண்டை வக்கீல் எங்கே என்று கேட்டால் வாசற்காவலர் காதைத் தீட்டிக்கொள்ளச் சொல்வார். எந்த அறையில் வாதாடுகிறார் என்பது தானாகத் தெரிந்துவிடும். அவருடைய குறுக்கு விசாரணையில் தண்ணீர் கேட்காமல் கூண்டைவிட்டு இறங்கிய சாட்சி கிடையாது. அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார்.

அலுவலகத்தை நடத்தியது அவருடைய அக்கா. அவரும் வக்கீல்தான். தம்பி நாள் முழுக்கப் பேசுவதை அக்கா நாலே வரியில் முடித்துவிடுவார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் மோப்பம் பிடித்தவரும் அவர்தான். வாடகை ஒப்பந்தம், பங்குதாரர் ஒப்பந்தமெல்லாம் கட்சிக்காரர்களே கணினியில் தயாரித்துக்கொண்டு வந்து, சரிதானா என்று பார்க்க மட்டும் கேட்டார்கள். வாய்தாக்களில் பாதி காணொளிக்குப் போய்விட்டது. இரண்டு மாடியில் இருந்த அலுவலகத்தை அக்கா ஒரே மாடிக்குள் அடக்கினார்.

காணொளி தம்பிக்கு ஒத்துவரவில்லை. முதல் விசாரணையில் அவர் வாயைத் திறந்ததும் நீதிபதி ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கொஞ்சம் மெதுவா, வக்கீல் சார். இந்தக் காது எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்."

குரலைத் தணித்தார். கூடவே வாதமும் தணிந்துபோனது. மனு தள்ளுபடியானது.

அக்கா அவரை அறைக்குக் கூப்பிட்டார். வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய இப்போது யாருக்கும் பொறுமை இல்லை, உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறார்கள், அலுவலகம் அந்த வேலையை எடுத்துச் செய்யப்போகிறது, அதில் பாதி உன் பொறுப்பு என்றார்.

"நான் சண்டை போடத்தான் படிச்சேன், அக்கா."

"அதுக்குப் படிச்சிருக்கவே வேண்டாம்டா. அது உனக்குப் பொறக்கும்போதே வந்தது."

சமரசப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பினார். ஆனால் முதல் சமரசத்திலேயே பழைய புத்தி தலைகாட்டியது. குடியிருப்பவரோடு தகராறு என்று வந்த வீட்டுக்காரரைக் கேள்விமேல் கேள்வி கேட்டு மடக்கிவிட்டார். பேசலாம் வாங்கன்னு கூப்பிட்டுக் கூண்டுல ஏத்திட்டார் என்று அக்காவிடம் முறையிட்டுவிட்டு மனிதர் எழுந்து போய்விட்டார். அக்கா கடிந்துகொள்ளவில்லை. புது ஹெட்செட் ஒன்று வாங்கிக் கொடுத்து, அடுத்த சமரசத்தின் கோப்பையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அதில் இருந்தவர்கள் லாரியில் வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கும் தொழிலைச் சேர்ந்து நடத்திய அண்ணன் தம்பி. தொழிலைப் பிரித்தாகிவிட்டது. தகராறு ஒரு தொலைபேசி எண்ணுக்காக. ஊரில் வீடு மாறுகிற பாதிப் பேருக்கு அந்த எண் மனப்பாடம். அது அண்ணனிடம் இருந்தது. தம்பி அதைத் தன்னுடையது என்றான்.

இருவரும் திரையில் வந்தார்கள். வக்கீல் ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டு சமரசம் என்றால் என்ன என்று ஆரம்பித்தார். கையை வீசி, உட்கார்ந்த இடத்திலேயே எம்பிப் பேசினார். திரையில் இருவரும் விழித்தார்கள்.

"அண்ணே, உனக்கு ஏதாச்சும் கேக்குதா?" என்றான் தம்பி.

"இல்லடா. வாய்தான் அசையுது."

பிரிந்த பிறகு அவர்கள் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஹெட்செட்டைச் சரிசெய்தபோது ஒலியை அணைக்கும் பொத்தானை அமுக்கிவிட்டோம் என்று வக்கீலுக்குப் புரிந்தது. தடவிக் கண்டுபிடித்து விரலை அதன்மேல் வைத்தார். அதற்குள் தம்பி, அண்ணி ஏன் இப்போதெல்லாம் ஃபோன் எடுப்பதில்லை என்று கேட்டான். முட்டியில் ஆபரேஷன் என்றார் அண்ணன்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே."

"உன்கூடப் பேசவே கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாருடா."

"என்கிட்டயும் அதான் சொன்னாங்க."

வக்கீலின் விரல் நின்றுவிட்டது. அந்த வக்கீல் இவரல்ல. ஆனால் தன்னிடம் வந்த ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் முதலில் இவர் சொன்னதும் அதே வாக்கியம்தான். அதில் தப்பிருப்பதாக அதுவரை தோன்றியதில்லை. பொத்தானைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் பேசினார்கள். கொஞ்சம் ஏசிக்கொண்டார்கள், கொஞ்சம் சிரித்தார்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று ஃபோனில் குரலைக் கேட்டே சொல்கிறவர் அண்ணிதான், எண் அவரிடமே இருக்கட்டும், வருகிற வேலையை இரண்டு பேருக்கும் அவரே பிரித்துக் கொடுக்கட்டும் என்றான் தம்பி. அண்ணனும் தலையாட்டினார். அப்போதுதான் வக்கீல் பொத்தானை அமுக்கினார். குரல் அவருக்கே ஆச்சரியமாகும்படி சன்னமாக வந்தது.

"அவங்களைக் கேட்டீங்களா?"

கைத்தடியோடு அண்ணி வந்து திரைமுன் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் சம்பளம் தரணும். ஞாயித்துக்கிழமை ஃபோனை அணைச்சிடுவேன். சண்டைன்னா என்கிட்ட வரக்கூடாது, அந்த சாரைக் கூப்பிட்டுக்குங்க."

ஒப்பந்தத்தை மென்பொருள் எழுதிக் கொடுத்தது. அது விட்டுவிட்ட ஞாயிற்றுக்கிழமையை வக்கீலே சேர்த்தார்.

எப்படி முடித்தாய் என்று அக்கா கேட்டபோது பெருமையடித்துக்கொள்ள நாக்கு துறுதுறுத்தது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொன்னார். அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

அதற்குப்பின் எல்லாமே கூடிவந்துவிடவில்லை. வீட்டுப் பங்குக்காக வந்த இரண்டு சகோதரிகள் இவர் வாய்மூடி இருந்த நேரத்தில் இன்னும் மோசமாகத் திட்டிக்கொண்டு கோர்ட்டுக்கே போனார்கள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாட்சி விசாரணை இருக்கும் நாட்களில் இப்போதும் வளாகம் அதிரத்தான் செய்கிறது.

போன மாதம் அவருடைய பழைய கட்சிக்காரரான இரும்புக்கடைக்காரர் வந்தார். பக்கத்துக் கடைக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டாராம். நீங்க வந்து ஒரு சத்தம் போட்டா போதும் சார் என்றார். வக்கீல் முழுதும் கேட்டுவிட்டு, அந்த ஆளிடம் நேரில் பேசிப் பார்த்தீர்களா என்று மெதுவாகக் கேட்டார்.

இரும்புக்கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து அக்காவின் அறைக்குப் போய், தம்பிக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கவலையோடு விசாரித்தார்.

"நல்லாத்தான் இருக்கான்," என்றார் அக்கா. "போய் உக்காந்து அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."