குழாய் வைக்கும் முன் ஒரு ஊசி

காலை பத்து இருபதுக்கு மகளின் வயிற்றுவலி வலப்பக்கம் இறங்கி நிலைகொண்டது. குடல்வால், இன்றைக்கே வெட்ட வேண்டும் என்றார் ராஜபாளையத்து நர்சிங் ஹோம் டாக்டர். நான் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தபோது, சேர்க்கைத் தாள் எழுதிய நர்ஸிடம் என் மதினி, கணவரின் அக்கா, "ஒரு நோய் நொடியும் கெடயாது" என்று சொல்லிவிட்டார்.

நோய் இருந்தது. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிப்போனவள் என் மகள். சேத்தூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்லவில்லை.

"ஏட்டி, வாயத் தொறந்துராத. அந்த நர்ஸ் சேத்தூர்க்காரி. மத்தியானத்துக்குள்ள ஊர் பூராத் தெரிஞ்சுரும்" என்றார் மதினி.

நான் படித்தவள், பள்ளியில் பாடம் நடத்துகிறவள். வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டர், மகளின் நெஞ்சில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவே இல்லை.

"எந்த வயசுல காய்ச்சல் வந்துச்சு?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் சிவந்தது.

"மூச்சுக்குத் தொண்டைக்குள்ள குழாய் விட்டாலே இதயம் தறிகெட்டு ஓடும்மா. நல்ல இதயம் தாங்கிரும். இவளுக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். முன்கூட்டியே லிக்னோகெய்ன நரம்புல போட்டா அந்த ஓட்டம் அடங்கும்."

"பல்லு புடுங்கப் போடுவாகளே, அந்த மரத்துப்போற மருந்தா?" என்று மதினி சிரித்தார்.

"அதேதான்."

அலமாரியில் இருந்ததோ அட்ரினலின் கலந்தது. தையல் போடும் இடத்தில் ரத்தம் கசியாமலிருக்கக் கலப்பார்கள். நரம்பில் ஏற்றினால் இதயத்தை இன்னும் விரட்டும்.

நர்சிங் ஹோம் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு ஊசிக்காக எம்புட்டு நேரம் நிக்கிறது? அது இல்லாம எத்தன பேருக்குக் குழாய் வச்சிருக்கோம்!"

"அவங்க வால்வு நல்லா இருந்துச்சு" என்று கையுறையைக் கழற்றிப் போட்டார் மயக்க டாக்டர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆளை அறுக்கிற இடத்தில் கலப்பில்லாத மருந்து ஒரு குப்பி வாங்கி வைக்க முடியாதா? கல்யாணப் பேச்சு கெடாமலிருக்க என் பிள்ளை மூச்சுத் திணறிச் சாக வேண்டுமா? கேட்கத்தான் தோன்றியது. ஆனால் காலையில் வாய் மூடி நின்றவள் நானல்லவா?

கலப்பில்லாத மருந்து வாங்கக் கணவர் மொபெட்டில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விரைந்தார்.

"அதுக்குள்ள கொடல் வெடிச்சுட்டா?" என்று மதினி ஆரம்பித்தார்.

"செத்த நேரம் பேசாம இருங்க மதினி."

கல்யாணமாகி வந்து இருபது வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. நேராக நர்ஸிடம் போனேன். "எம் மகளுக்கு வால்வு சுருக்கம். எழுதிக்கம்மா. சேத்தூர்லயும் சொல்லிக்க."

ஒரு மணி நேரத்தில் மருந்து வந்தது. ஆபரேஷன் அறைக் கதவைச் சாத்தினார்கள்.

கடைசியில் மயக்க டாக்டர் வெளியே வந்தார்.

"முழிச்சிட்டா. குழாய் வச்சப்ப நாடி ஏறல. இனிமே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொதல்ல வால்வச் சொல்லுங்க. பேரப் பொறவு சொல்லிக்கலாம்."