ராத்தா கேட்ட ஒரு பயணம்

அந்த ரோட்டரி எஞ்சினைக் குறிஞ்சிப்பிட்டி வீட்டு விறாந்தையில் கழற்றி வைத்தது நான்தான். கார் என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவர் வாங்கியது. யுத்தம் முடிந்ததும், யுத்தகாலத்தில் நாங்கள் விட்டுவந்த எங்கள் ஊரான மன்னாருக்கு அதில் கூட்டிப்போவதாக ராத்தாவிடம் சொல்லியிருந்தார். போகுமுன் அவர் மௌத்தாகி, ராத்தா விதவையானார். பிறகு ராத்தாவின் சிறுநீரகமும் பழுதானது.

எஞ்சினுக்குள் சுழலும் ரோட்டர்களின் முனைகளில் காற்றுக் கசியாமல் அடைக்கும் மெல்லிய சீல்களை ஒவ்வொன்றாக அளந்து கொப்பியில் எழுதினேன். தேய்ந்திருந்தன, ஆனால் கழித்துவிடும் அளவுக்கு இல்லை.

"ஒருக்கா மன்னார் போய்வர ஓடினாக் காணும் தம்பி. பொறகு அதுல கோழி அடைச்சாலும் எனக்குக் கோவமில்ல" என்றார் ராத்தா.

"புதுசு வரட்டும் ராத்தா. வேலையெண்டா திருத்தமா இருக்கணும். அவசரமெண்டா பஸ்ஸில போவமே."

"ஒங்கட மச்சான் பஸ்ஸில கூட்டிப்போறனெண்டா சொன்னார்?"

ஜப்பானிலிருந்து புதிய சீல்கள் வர நான்கு மாதமானது. மூன்றாம் மாதமே ராத்தாவை அடக்கம் செய்துவிட்டோம்.

பெட்டி வந்த அன்று பழைய சீல்களை மறுபடி அளந்தேன். கொப்பியிலிருந்த அதே எண்கள்தான். மன்னார் போய்வரத் தாராளமாகத் தாங்கியிருக்கும். அது எனக்கு முதல் நாளே தெரியும்.

எஞ்சின் இப்போது பிசகில்லாமல் ஓடுகிறது. பாலாவிச் சந்திவரை போவேன். அங்கிருந்து மன்னார்ப் பக்கம் திருப்ப மனம் வராமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறேன்.