சிவப்பு மையில் ஒரு வீடு

மதுரையில் தினமும் காலையில் எனக்கு ஓர் ஊர் கிடைக்கிறது. அது என் ஊர் இல்லை. பஸ் நிலையத்து டீக்கடையில் நான் வாய் திறந்ததும் கடைக்காரர் சிரிக்கிறார். "சாருக்குக் கேரளாவுல எந்தப் பக்கம்?" யாழ்ப்பாணம் என்கிறேன். "அது பாலக்காட்டுக்கு முன்னாடியா, தாண்டியா?" கடலைத் தாண்டி என்று திருத்துகிறேன். மறுநாள் மறுபடியும் கேரளாவிலிருந்தே தொடங்குகிறோம். யாழ்ப்பாணத்தில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே வீட்டு வாசல் படலையில் நின்று 'மாஸ்டர்' என்று யார் கூப்பிட்டாலும் அது பள்ளிக்கூடத்தில் படிப்பித்த என்னைத்தான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்து இறங்கிய நான், இங்கே தமிழருக்குத் தமிழில் என்னை விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

பிழைப்பு, ஒரு மாடியில் தகரக் கூரைக்குக் கீழே நடக்கும் டுடோரியலில். பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த முத்துலட்சுமிக்கு முப்பதை எட்டும் வயது. பால்வாடியில் ஆயா வேலை. இங்கிலீஷ் ஒன்றுதான் பாக்கி. அதில் தேறினால் அதே பால்வாடியில் டீச்சர். வயது வரம்பு முடிவதற்குள் அவருக்கு இருந்தது இந்த ஒரு பரீட்சைதான். முதல் நாள் நான் "நீங்கள் சொல்லுங்கோ" என்றதும் வகுப்பே சிரித்தது. "நீ வா போன்னே கூப்புடுங்க சார், கூச்சமா இருக்கு" என்றார் அவர்.

இங்கே யாரும் கட்டுரையைப் படிப்பதில்லை, பாடுகிறார்கள். டுடோரியல் உரிமையாளர் பல வருடங்களுக்கு முன் எழுதி சைக்ளோஸ்டைலில் உருட்டிய நோட்ஸ்தான் வேதம். 'வீடு தீப்பற்றியது' என்ற கட்டுரையை எல்லோரும் முன்னும் பின்னும் ஆடியபடி ஒரே ராகத்தில் சொல்வார்கள். "ஒன் டே ஐ சா ஹவுஸ் ஆன் ஃபயர், மேன் கேம் ரன்னிங்..." ஹவுஸுக்கு முன்னாலும் மேனுக்கு முன்னாலும் நிற்கவேண்டிய சின்னஞ்சிறிய 'ஏ' எங்குமே இல்லை. பக்கம் முழுக்கப் பற்கள் விழுந்த வாய். நான் சிவப்புப் பேனாவை எடுத்ததைப் பார்த்து உரிமையாளர் அருகில் வந்தார். "சார், அதுல கைய வைக்காதீங்க. அதுகளுக்கு அது பாட்டு. ஓடுற வண்டிக்கு நடுவுல கல்லப் போட்டா கவுந்துரும்."

நான் கேட்கவில்லை. 'ஏ ஹவுஸ்' என்று கரும்பலகையில் எழுதி, ஒரு வீடு என்றேன். உயிரெழுத்து ஓசையில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் 'அன்' என்றேன். முத்துலட்சுமி எழுந்தார். "ஒரு வீடுன்னா யாரு வீடு சார்? எங்கூர்ல தீப்புடிச்சா மொதல்ல யாரு வீடுன்னுதான கேப்பாக?" யாருடையது என்று கேட்பவருக்குத் தெரியாத வீடு, அதற்குத்தான் இந்த 'ஏ' என்றேன். சொல்லும்போதே, ஊரில் எங்கள் வீடு எரிந்த இரவில் முகட்டு ஓடுகள் ஒவ்வொன்றாக வெடித்த சத்தம் காதில் விழுந்தது. மறுநாள் பத்திரிகையில் 'சில வீடுகள்' என்று வந்திருந்தது. அந்தச் சிலவற்றில் என் மேசை, திருத்துவதற்கு வைத்திருந்த என் மாணவரின் கொப்பிகள், அம்மா வளர்த்த மல்லிகைப் பந்தல். அதனால்தானோ என்னவோ, முத்துலட்சுமியின் நோட்டில் அந்த எழுத்தைத் தாள் கிழியுமளவுக்கு அழுத்தி எழுதினேன்.

முத்துலட்சுமிக்குப் பரீட்சை நான்கு மார்க்கில் போய்விட்டது. அதைச் சொல்ல அவரே பஸ் நிலையத்துக்கு வந்தார்.

"நம்ம கட்டுரைதான் சார் வந்துச்சு. 'ஐ சா' வரைக்கும் வந்துட்டேன். அங்ஙன நீங்க சொன்னது நெனப்பு வந்துச்சு. 'ஏ' போடணுமா, 'அன்' போடணுமான்னு நின்னேன். நின்னதும் பாட்டு போயிருச்சு. பொறவு எம்புட்டு யோசிச்சும் ஒன்னும் வரல."

"நான் திருத்தியிருக்கக் கூடாது."

"நல்லதுக்குத்தான சார் செஞ்சீக."

திட்டியிருக்கலாம். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், "இப்ப மட்டும் வருது பாருங்க சார், வேணும்னே" என்று சிரித்துவிட்டுத் தொடங்கினார். ஒன் டே ஐ சா ஹவுஸ் ஆன் ஃபயர். எங்கும் தடுக்கவில்லை. மேன் ஓடிவந்தான், உமன் அழுதாள், தண்ணீர் வண்டி வந்தது, எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள். நான் எதையும் இடையில் செருகவில்லை. "வாரேன் சார்" என்றார். பஸ் கிளம்பியது. பால்வாடிப் பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி ஊற்ற அவர் போகவேண்டும். நாளையும், அடுத்த வருடமும்.

டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டினார். "என்ன சார், மொகம் வாடியிருக்கு? கேரளாவுல வீட்டு நெனப்பா?"

"ஆமாண்ணே" என்றேன்.

அன்று அவர் சிரிக்கவில்லை.