கோதண்டராமன் வைத்த சத்தம்

எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு. 2003-இல் திருவண்ணாமலை போளூர் சாலையில் ஒரு டேட்டா என்ட்ரி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, சான்றிதழை லேமினேட் செய்து பையிலேயே வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் வைத்திருந்தேன்.

கோதண்டராமனை அங்கேதான் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணமாகாதவர். 1990-இல் நிறுவனம் ஆரம்பித்தபோதே வந்துவிட்டவர். ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதிலிருந்து கம்பி இழுத்து ஆறு டெர்மினல்கள், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. எல்லாவற்றுக்கும் புரோகிராம் எழுதியவர் அவர்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தனி அறையில் இருப்பார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். அதற்காகவே யாரும் போவதில்லை. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் ஊருக்குள் பஸ் வராது, எங்களுக்கு லீவு. அன்றைக்கும் நடந்தே வந்து கதவைத் திறந்து உட்கார்ந்திருப்பார் என்று வாட்ச்மேன் சொன்னார்.

டெர்மினல்களில் ஆறு பெண்கள் கல்லூரி விண்ணப்பங்களை ஏற்றுவார்கள். ஆறு பேரும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்கள். கண் தாளில் இருக்கும், விரல் தானாக ஓடும், திரையைப் பார்ப்பதே இல்லை. அதைத் தெரிந்துகொண்டு கோதண்டராமன் ஒரு வேலை செய்திருந்தார். பின்கோடில் ஓர் எண் குறைந்தால் டெர்மினல் ஒருமுறை பீப் என்று கத்தும். ஏற்கெனவே ஏறிய விண்ணப்பம் என்றால் இரண்டு முறை. ஐம்பது முடிந்து கட்டு மாற வேண்டுமென்றால் மூன்று. இரண்டு முறை கத்துவதற்குப் பெண்கள் வைத்த பெயர் மாமியார். "உனக்கு மாமியா வந்துட்டாடி" என்று சிரிப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அவரும் தலை குனிந்தபடி சிரிப்பார். அந்தச் சத்தம் அவர் வைத்தது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரோடு வந்தது என்றே நினைத்திருந்தார்கள். பதிமூன்று வருடத்தில் அவர் அவர்களோடு பேசியது அந்தச் சத்தத்தில் மட்டும்தான்.

என்னை வேலைக்கு எடுத்ததே அதையெல்லாம் தூக்கிவிட்டு பிரவுசரில் பக்கம் போடத்தான். இரண்டு மாதத்தில் முடித்தேன். டெர்மினல்களை எடுத்துவிட்டு ஆறு புதுக் கம்ப்யூட்டர் போட்டார்கள். நீல நிறத் தலைப்பு, வரிசையாகக் கட்டங்கள், தப்பாக அடித்தால் மேலே சிவப்பில் ஒரு வரி. முதலாளி தட்டிக்கொடுத்தார். கோதண்டராமன் என் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இதுல சத்தம் வருமா?"

"வராதுங்க சார். செவப்புல காட்டும்."

"அவங்க பாக்க மாட்டாங்களே. அதை மட்டும் வச்சிக் குடு. வேற எதுவும் நான் கேக்கல."

வெப் பக்கத்தில் அப்படியெல்லாம் செய்யமாட்டார்கள் என்றேன். படித்தவன் நான், எனக்குத் தெரியும் என்கிற மாதிரிதான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் நாள் சாயங்காலம் எண்ணிப் பார்த்தால், அடித்ததில் இருநூறுக்கு மேல் காணவில்லை. சிவப்பு வரி வந்து பக்கம் அப்படியே நின்றிருக்கிறது. பார்க்காதவர்கள் அடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். எதுவும் பதிவாகவில்லை. முதலாளி பச்சையம்மாளைப் பிடித்துக் கத்தினார். ஆறு பேரில் மூத்தவர் அவர்.

"சத்தமே வரலீங்களே. வந்திருந்தா நிறுத்தியிருப்போம்ல? இது ஊமைப் பொட்டிங்க" என்றார் பச்சையம்மாள்.

முதலாளி கோதண்டராமனைக் கூப்பிட்டார். அவர் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். விலை கம்மி என்று வாங்கியது, உள்ளே ஸ்பீக்கரே இல்லை. ஆறு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தால் அன்றைக்கே சத்தம் வரவைக்கிறேன் என்றார். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஸ்பீக்கர் எதுக்குய்யா? கண்ணை எதுக்கு வச்சிருக்காங்க? நிமிந்து பாக்கச் சொல்லு" என்றார் முதலாளி.

அதோடு முடிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் பச்சையம்மாளிடம் போய், அந்தச் சத்தத்தை வைத்தது அவர்தான் என்று சொன்னேன்.

"இத்தினி வருசமா அந்த ஆளா கத்தினது?" என்று பச்சையம்மாள் வாயில் கைவைத்தார். விஷயம் ஆறு பேருக்கும் பரவிவிட்டது.

அதன்பின் அவர்கள் நிமிர்ந்து பார்க்கப் பழகினார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒருதரம் தலை தூக்க வேண்டும். தூக்கினால் திரைக்கு மேலே நேராகக் கண்ணாடித் தடுப்பு, அதற்குள் கோதண்டராமன். ஒருத்தி சிரிப்பாள். பச்சையம்மாள் சாப்பிட்டாச்சா என்று கையால் கேட்பார். அவர் முகம் சிவந்து, காகிதம் எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்கடியில் குனிந்துகொள்வார்.

நான்காம் நாள் காலையில் கண்ணாடி முழுவதும் பழைய பிரிண்ட் தாள்கள் ஒட்டியிருந்தன. செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனேன். ஏன் சார் என்று கேட்டேன்.

"பாக்கறாங்க தம்பி. எனக்கு வேலை ஓடல" என்றார்.

அங்கே அவருக்கு வேலையே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தை மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டார். வேட்டவலம் பக்கம் அக்கா வீடு இருக்கிறது, அங்கே போயிருப்பார் என்றார்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும்தான்.